அவள் வாசலில் சொன்னது

ஆம்ஸ்டர்டாம்
20 பிப்ரவரி 1995

அன்புள்ள அம்மா,

நீங்கள் போனை வைத்த வேகம் இன்னும் காதில் வலிக்கிறது. அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் தம்பி ஹார்ம்தான் எடுக்கிறான். "அம்மா தொழுவத்துல இருக்காங்க" என்கிறான். எழுபத்தொன்பது வயதில் காலை முதல் மாலை வரை தொழுவத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் சிரிக்கிறான். சரி, பேச மாட்டீர்கள். வாசிக்காமல் இருக்க உங்களால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

யூடித்துக்கு நான் கடிதம் போட்டது தப்பு என்று இன்னமும் எனக்குத் தோன்றவில்லை. வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் என் வகுப்புக்கு வந்து அவளுடைய கதையைத்தானே சொல்கிறீர்கள்? போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆகும் இந்த வருஷம் மேயர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். நீங்கள் காப்பாற்றிய குழந்தையே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். "அவளை விடு" என்று ஒரே வார்த்தை, டொக்.

பள்ளிக்கூடத்தில் ஈஸ்டர் வரைக்கும் லீவு கொடுத்திருக்கிறார்கள். நினைவிடங்களையெல்லாம் பார்த்து, நம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பாடங்கள் எழுதித் தரவேண்டும். இன்று பழைய நாடகக் கொட்டகைக்குப் போனேன். ரயிலேற்றுவதற்கு முன்னால் யூதக் குடும்பங்களைக் கொண்டுவந்து அடைத்து வைத்த இடம். இப்போது வெறும் சுவர்களும் வானமும்தான். உள்ளே ஒரு சுவரில் குடும்பப் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஸ்காப் என்ற பெயரும் இருக்கிறது, யூடித்தின் குடும்பப் பெயர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் உள்ளே வந்தது. பிள்ளைகள் டெலிபோன் புத்தகத்தில் தேடுவது மாதிரி அவரவர் பெயரைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் "டே, நான் இருக்கேன்டா!" என்று கத்தினான். அவர்களுடைய டீச்சருக்கு முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. நானாக இருந்தாலும் அதுதான் ஆகியிருக்கும்.

என் பாடத்தின் முதல் பக்கத்தை எழுதிவிட்டேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்:

"1943 இலையுதிர்காலத்தில் ஒரு கல்லூரி மாணவன் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைச் சைக்கிளில் வைத்து எல்டர்ஃபேன் கிராமத்துக்குக் கொண்டுவந்தான். லாம்மெர்ட், ரூல்ஃபீன் என்ற விவசாயத் தம்பதி அவளை ஏற்றுக்கொண்டார்கள். பாதையில் யாராவது வருவது தெரிந்தால் ரூல்ஃபீன் உரத்த குரலில் வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றைப் பாடுவாள். பாட்டுக் கேட்டதும் குழந்தை சுவருக்குள் பதித்த பெட்டிக் கட்டிலில் ஏறி, பலகையைத் தூக்கி, அடியில் உருளைக்கிழங்கு கொட்டும் குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பாட்டு நின்றால்தான் வெளியே வரும். போர் முடிந்தது. குழந்தையின் தாய் முகாமிலிருந்து உயிரோடு திரும்பி வந்து அவளை அழைத்துப் போனாள்."

சரிதானே?

உங்கள் மகள்,
ஃபென்னா

*

எல்டர்ஃபேன்
24 பிப்ரவரி

ஃபென்னா,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து வரவரக் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. இதில் பிள்ளைகளுக்குப் பாடம் வேறு எழுதப் போகிறாயாம்.

தொழுவத்தில் எனக்கு நிறைய வேலை இருக்கிறது. இரண்டு பசுக்கள் கன்று ஈன்றிருக்கின்றன. ஒரு கன்றுக்குக் கால் சரியில்லை. ஹார்ம் வைத்தியரைக் கூப்பிடலாம் என்கிறான், நான் பொறு என்கிறேன்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றுமில்லை. பெட்டிக் கட்டிலுக்கு அடியில் வைக்கோலும் பரப்பியிருந்தோம், அதைச் சேர்த்துக்கொள். இல்லாவிட்டால் வெறும் மண்ணில் படுக்க வைத்தோம் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

நான் வழக்கம்போல வருகிறேன். பாடுகிறேன். உன் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து கெக்கே பிக்கே என்று சிரிக்கட்டும், எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது. மேயர் வந்தால் வரட்டும். அவளைக் கூப்பிடாதே. அவளுக்குக் கிரோனிங்கனில் மருந்துக்கடை இருக்கிறது, வேலை இருக்கிறது. முடிந்ததை எல்லாம் நோண்டிக்கொண்டு இருக்காதே.

குளிர் விடவில்லை. கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

அம்மா

*

ஹோக்ஹாலன்
6 மார்ச்

அன்புள்ள அம்மா,

வீட்டிலிருந்து அரைமணிப் பயணத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். வந்திருக்கலாம். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன், திரும்பிவிட்டேன். ஏன் என்று இதை முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நேற்று வெஸ்டர்போர்க் முகாமில் யூடித்தைப் பார்த்தேன். அவளேதான் அங்கே வரச் சொன்னாள். அவளுடைய அம்மா ரோசெட்டாவை அங்கிருந்துதான் ரயிலேற்றினார்களாம். மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, முனை வானத்தைப் பார்க்க வளைந்து நிற்கும் அந்தத் தண்டவாளத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். சின்ன உருவம். நரைத்த தலையைக் கத்தரித்து விட்டிருக்கிறாள். கை கொடுத்து என் பெயரைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஃபென்னாவா? அது என் பேரும்மா. ஒளிஞ்சிருந்தப்ப என்னை அப்படித்தான் கூப்பிட்டாங்க. ஓஹோ, நான் காலி பண்ணின பேருல உன்னைக் குடி வெச்சுட்டாங்களா?"

இதை ஏன் நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை? அவள் போன மறுவருஷம் நான் பிறந்திருக்கிறேன். சரி, அதை விடுகிறேன். கேட்க வேண்டியது வேறு.

முகாம் மைதானத்தில் செங்கற்களாக நட்டு வைத்திருக்கிறார்களே, போனவர்களுக்கு ஆளுக்கொரு கல், அதற்கு நடுவே நடந்தோம். உங்களைப் பற்றி எத்தனை பிரியமாகப் பேசினாள் தெரியுமா? நீங்கள் சுடும் ஓட்ஸ் அப்பம், தொழுவத்து வாசனை, தலைக்குப் பின்னல் போட்டுவிடும்போது நீங்கள் கொடுக்கும் குட்டு, எல்லாம் சொன்னாள். அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"போர் முடிஞ்சு கனடா சிப்பாய்ங்க வந்து சாக்லேட் எல்லாம் குடுத்துட்டாங்க. ஊரே கொடி கட்டியிருக்கு. அதுக்கப்புறமும் உங்கம்மா பாடுவாங்க. நான் ஓடிப்போய்க் குழிக்குள்ள படுத்துக்குவேன். எல்லாம் முடிஞ்சுடுச்சே, இன்னும் எதுக்கு ஒளியணும்னு கேட்டேன். 'இன்னும் சில பேர் ஊருக்குள்ள சுத்திட்டிருக்காங்க'ன்னாங்க. யாரைச் சொன்னாங்களோ. பாட்டுக்கு அடியில ஒரு பொம்பளைக் குரல் மட்டும் கேக்கும். என்ன பேசுறான்னு புரியாது, உங்கம்மா தொண்டை அப்படி. அந்தக் குரல்தான் எனக்கு ரொம்பப் பயம்."

காப்பி குடிக்கப் போனோம். அங்கே அவளுடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"அவ ஜூன்லயே திரும்பி வந்துட்டா. என்னைக் கூட்டிட்டுப் போக அடுத்த ஏப்ரல்லதான் வந்தா. முழுசா ஒரு குளிர்காலம், ஃபென்னா. சைக்கிள்ல ஒரு நாள் தூரம். பதினாலு வயசுல கேட்டேன், ஏன் வரலைன்னு. 'ரயில் சரியா ஓடலை'ன்னா. என்னை வேணும்னு அவளுக்குத் தோணவே இல்லைன்னு அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் நான் அவகிட்ட ஒழுங்காப் பேசினதே இல்லை. சாகும்போதுகூடப் பக்கத்துல நான் இல்லை."

அம்மா, நான் டீச்சர். இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். போர் முடிந்த பிறகு பாதையில் வந்தது யார்? நீங்கள் யாருக்காகப் பாடினீர்கள்?

ஃபென்னா

*

எல்டர்ஃபேன்
9 மார்ச்

ஃபென்னா,

ஹோக்ஹாலன் வரைக்கும் வந்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. உன்னை அங்கே பக்கத்துப் பெய்லன் ஸ்டேஷனில் பார்த்ததாகப் பால்காரன் சொன்னான். "வேற யாரையாவது பாத்திருப்பே, என் மக வந்தா வீட்டுக்கு வராம போக மாட்டா" என்று அவன் வாயை அடைத்தேன். அசடு வழிந்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கன்று செத்துப்போய்விட்டது. வைத்தியரைக் கூப்பிட்டிருக்கலாம் என்று ஹார்ம் முணுமுணுக்கிறான்.

உனக்கு வைத்தது நல்ல பெயர். என் அத்தையின் பெயர். அதில் யாருக்கும் பட்டா கிடையாது.

போர் முடிந்ததும் எத்தனையோ பேர் பாதையில் வந்தார்கள். முட்டை கேட்டு வந்தார்கள், துணிக்கு உருளைக்கிழங்கு மாற்ற வந்தார்கள், திருட வந்தார்கள். தனியாகத் தோட்டத்தில் இருக்கும் வீடு. குழந்தையை ஒளிந்துகொள் என்று சொன்னது தப்பா? அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஐந்து வயதில் நீ ஒரு தடவை காளை உன்னைத் துரத்தியதாகச் சத்தியம் செய்தாய். அது பசு.

நினைவிடம் நினைவிடமாகச் சுற்றி அடுத்தவர்கள் கண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்யாதே.

அம்மா

*

பெர்கன், ஜெர்மனி
15 மார்ச்

அம்மா,

ரோசெட்டா ஸ்காப் இருந்த முகாமுக்கு நேற்றுப் போனேன். ஒன்றுமே இல்லை அங்கே. புதர்க்காடு, பிர்ச் மரங்கள், இடையிடையே நீள நீளமாக மண்மேடுகள். ஒவ்வொரு மேட்டின் முகப்பிலும் உள்ளே எத்தனை ஆயிரம் பேர் என்று கல்லில் எழுதியிருக்கிறது, பெயர் இல்லை. பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று குறிப்பெடுக்கப் போனவள் பேனாவையே திறக்கவில்லை. ஒரே ஒரு யோசனைதான் மண்டைக்குள் ஓடியது. இங்கிருந்து ஒருத்தி எழுந்து வந்திருக்கிறாள். எழுந்து, நடக்கத் தெம்பு வந்ததும், யாரிடமோ சைக்கிள் இரவல் வாங்கி, நம் பாதையில் வந்திருக்கிறாள். வந்தபோது உள்ளே என் அம்மா பாடிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்வது பொய் என்றால் பொய் என்று எழுதுங்கள். முட்டைக்காரியையும் காளை மாட்டையும் இழுக்காமல் எழுதுங்கள்.

நான் உங்களைக் கெட்டவள் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைக் காப்பாற்றினீர்கள். பிடித்திருந்தால் உங்களையும் அப்பாவையும் சுட்டிருப்பார்கள். அது அப்படியேதான் இருக்கிறது, யாரும் அதை அழிக்க முடியாது. ஆனால் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, தன் அம்மா தன்னைத் தேடி வரவில்லை என்று நம்பிக்கொண்டு மருந்துக்கடையில் நிற்கிறாள். வந்தாளா இல்லையா என்று தெரிந்த ஆள் உலகத்தில் நீங்கள் ஒருத்திதான் மிச்சம்.

பதில் வராவிட்டால் ஏப்ரலில் நீங்கள் வகுப்புக்கு வர வேண்டாம். மேயரிடம் நானே ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பாட்டுக்கு என் பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் புகுந்து சிரிப்பதை இனிமேல் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, உங்களை நினைத்தால் அழுகையாகவும் இருக்கிறது.

ஃபென்னா

*

எல்டர்ஃபேன்
21 மார்ச்

ஃபென்னா,

வந்தாள்.

போதுமா? வந்தாள். செர்ரி பழுத்திருந்தபோது வந்தாள். கோதுமை அறுப்பு நடந்தபோது வந்தாள். உருளைக்கிழங்கு தோண்டும்போது வந்தாள். பிள்ளைகள் ஷூவுக்குள் பரிசு தேடும் நிக்கலாஸ் பண்டிகைக்கு முந்தின நாள் வந்தாள். பனியில் வந்தாள். நடுவில் இன்னும் வந்திருப்பாள், நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வந்தபோதெல்லாம் பாடினேன். திருப்பி அனுப்பினேன்.

இப்போது நான் சொல்வதையும் கேள். நினைவிடத்தில் யாரும் இதை எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

நாற்பத்திரண்டு குளிர்காலத்தில் எனக்கு ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. உனக்கு அது தெரியும், கல்லறைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். மறுவருஷம் அந்தப் பையன் சைக்கிளிலிருந்து இவளை இறக்கினான். மூக்கு ஒழுகிக்கொண்டு, ஒற்றைக் கால் ஷூவோடு. என் கழுத்தைக் கட்டிக்கொண்டது விடவே இல்லை. இவளைக் கொடுத்தது கர்த்தர் என்று நான் நினைத்தது தப்பா? ஊர்க் குருவானவரும் அதைத்தான் சொன்னார். ரோசெட்டா முதல் தடவை வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். "கர்த்தருடைய பிள்ளையை யார்கிட்டயும் குடுக்கணும்னு அவசியமில்லை, ரூல்ஃபீன்" என்றார். நம்மைப் போன்ற வீடுகள் எத்தனையோ. காப்பாற்றினோம், ஆகையால் நம்முடையது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

நீ அவளைப் பார்த்ததில்லை. தலையில் முடி இல்லை. கை இரண்டும் குச்சி. வீடு இல்லை, படுக்கை இல்லை, புருஷன் இல்லை, அடுத்த வேளைச் சாப்பாடு யார் வீட்டில் என்று தெரியாது. இவளிடமா என் குழந்தையை விடுவேன்? ஒரு பூனைக்குட்டியைக்கூட விட மாட்டாய் நீ. அடுத்த ஏப்ரலில் ஒரு போலீஸ்காரனும் தொப்பி வைத்த ஒரு அம்மாளும் குழந்தையைத் தாயிடம் கொடுக்கச் சொல்லும் உத்தரவோடு, ரோசெட்டாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அன்று நான் பாடவில்லை. உன் அப்பா என் வாயைப் பொத்தினார்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதற்குப் பிறகு என்ன செய்வாயோ செய். குழந்தையை வண்டியில் ஏற்றியபோது அது என்னைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. ரோசெட்டா என் பக்கத்தில் வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னாள்.

"அவளை உசிரோட வெச்சிருந்தது நீங்க. இந்த வருஷம் நடந்ததை அவ என் வாயால கேக்க மாட்டா."

சொன்னபடியே இருந்துவிட்டாள். மகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. ரயில் ஓடவில்லையாம். நீ அதை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகையால் நீ யூடித்திடம் சொன்னால் உடைவது என் மானம் மட்டும் இல்லை, செத்துப்போனவளின் வாக்கும்தான். யோசித்துக்கொள். நீ படித்தவள்.

வகுப்புக்கு வரவில்லை. சந்தோஷமாக இரு.

அம்மா

*

ஆஸன்
3 ஏப்ரல்

அன்புள்ள அம்மா,

சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாக்கை ரோசெட்டா கொடுத்தது உங்களுக்கு. நான் அதற்குக் கட்டுப்பட்டவள் இல்லை என்று ஒரு நாள் தோன்றும். செத்தவள் தன் வாழ்நாளையே கொடுத்துக் காப்பாற்றியதை நான் யார் போட்டு உடைக்க என்று மறுநாள் தோன்றும். கடைசியில் ஒன்றுதான் நினைத்தேன். யூடித் இன்னும் இருபது வருஷம் இருப்பாள். அந்த இருபது வருஷமும் வேண்டாத பிள்ளையாக இருப்பாளா? சரியா தப்பா தெரியவில்லை. செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கடைக்கு மேல்மாடியில் இருக்கிறாள். டீ போட்டாள். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். செர்ரி, கோதுமை அறுப்பு, உருளைக்கிழங்கு, நிக்கலாஸ், பனி. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த கோப்பையையே துடைத்தாள். அழவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை.

"அப்போ நான் பயந்தது அவ குரலுக்கா?" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "என்ன சொன்னா? வாசல்ல நின்னு என்ன சொன்னா என் அம்மா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"பாட்டுதான் கேட்டுது எனக்கு. அவ சொன்னது ஒரு வார்த்தைகூட என்கிட்ட இல்லை, ஃபென்னா. உங்கம்மாகிட்ட இருக்கு, எல்லாமே." பிறகு, "நீ கெளம்பு. யாரும் இனிமே வர வேண்டாம். உங்கம்மா மேல எனக்கு வெறுப்பு வந்தா நல்லாயிருக்கும், வர மாட்டேங்குது, அதுதான் எரியுது" என்று சொல்லிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

படியிறங்கி வந்து தெருவில் நின்றுகொண்டு அழுதேன். ஏதோ ஒரு மாணவன் சைக்கிளை நிறுத்தி வழி தவறிவிட்டதா என்று கேட்டான்.

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். இந்த வருஷம் அம்மா வர மாட்டார்கள், பாட்டும் ஒளிகிற விளையாட்டும் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "எங்க முறை வரும்போதுதான் நிறுத்துவீங்களா டீச்சர்!" என்று ஒரே கூச்சல். மூன்றாம் வகுப்பிலிருந்தே காத்திருக்கிறார்களாம். ஏன் என்று சொல்லத்தான் வேண்டும், இன்னும் சொல்லவில்லை. எத்தனை நினைவிடம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பாடத்தின் முதல் பக்கத்துக் கடைசி வரியைக் கிழித்துவிட்டேன், அந்த இடத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் பாருங்கள், கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஃபென்னா

*

எல்டர்ஃபேன்
11 ஏப்ரல்

ஃபென்னா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அடுப்பில் போட எழுந்தேன். ஹார்ம் கையைப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கிரோனிங்கன் போனேன். நீ எதுவும் சொல்லாதே, நானாகத்தான் போனேன். ஹார்ம் காரில் கொண்டுவிடுகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். மருந்துக்கடைக்குள் போகவில்லை. பக்கத்துக் கதவில் அவள் பெயர் போட்டிருந்தது, மணி அடித்தேன். மேலே திரைச்சீலை அசைந்தது. யாரும் இறங்கி வரவில்லை. எதிர்ப் பக்கத்து மேடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். முழங்கால் ஒரேயடியாக வலித்தது.

இன்று மறுபடி போனேன். மணி அடித்தேன். இந்தத் தடவை படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. என்னை யாரென்று சொல்வது என்று தெரியவில்லை. ரூல்ஃபீன் என்பதா, அம்மா என்பதா? ஒன்றும் சொல்லாமல் குனிந்து, தபால் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு, "யூடித்" என்றேன். "உங்கம்மா சொன்னதைச் சொல்ல வந்திருக்கேன். கதவைத் திறக்க வேண்டாம். கேட்டா போதும்."

காலடி நகரவில்லை. சொன்னேன்.

"செர்ரி பழுத்தப்ப வந்தா. 'நான் யூடித்தோட அம்மா'ன்னா. 'தலைமுடி இல்லாததால என்னைப் பாத்தா பயந்துக்குவா, முன்னாடியே சொல்லி வெச்சுட்டு அப்புறமாக் கூப்பிடுங்க'ன்னா.

"கோதுமை அறுக்கிறப்ப வந்தா. 'பேச வேண்டாம், தொட வேண்டாம். கிணத்துகிட்ட நிக்கிறேன், அவளை முற்றத்துல விளையாட விடுங்க, பாத்துட்டுப் போயிடறேன்'னா.

"உருளைக்கிழங்கு தோண்டுறப்ப வந்தா. உனக்குப் பல் விழ ஆரம்பிச்சுதான்னு கேட்டா. நான் பதில் சொல்லலை. அப்போ உனக்கு ரெண்டு பல் விழுந்திருந்தது.

"நிக்கலாஸுக்கு வந்தப்ப கையில சர்க்கரைப் பொம்மை ஒண்ணு வெச்சிருந்தா, பன்னிக்குட்டி மாதிரி. எங்கே கிடைச்சுதோ, அந்த வருஷம் சர்க்கரை ஏது. 'ராத்திரி அவ ஷூவுக்குள்ள போட்டுடுங்க. நான் குடுத்ததுன்னு சொல்ல வேண்டாம்'னா. போட்டேன், யூடித். அது ஒண்ணு மட்டும் செஞ்சேன். நீ காதைக் கடிச்சுட்டு மீதியைத் தலகாணிக்கு அடியில வெச்சிருந்தே.

"பனியில வந்தப்ப ஒண்ணுமே சொல்லலை. தோள் எல்லாம் வெள்ளையா நின்னா. நான் பாடிட்டே இருந்தேன். முடிக்கிற வரைக்கும் நின்னா. அப்புறம், 'நல்லாப் பாடுறீங்க'ன்னு சொல்லிட்டுச் சைக்கிளைத் தள்ளிட்டுப் போனா."

அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. குனிந்தபடியே நின்றேன், நிமிர முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே.

அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. சின்ன வயதில் இருந்த அதே குரல், அடம் பிடிக்கிற குரல்.

"நாளைக்கு வாங்க. முதல்லேருந்து மறுபடி சொல்லுங்க."

அதனால் நாளைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அம்மா